ஷிப்டு முடிவதும் 10 மணி... கடை மூடுவதும் 10 மணி! ஓசூர் டாஸ்மாக் பார்களில் இழுப்பது எது? கவிழ்ப்பது எது?

ஓசூர்,

இரவு மணி 9.45 ஆனால் போதும். ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள டாஸ்மாக் கடைகளின் கம்பி வலைக்குள் கைகள் நீளத் தொடங்கி விடும். 'அண்ணே ஒரு குவார்ட்டர்', 'அண்ணா ரெண்டு பீரு' என்று தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நாலு பாஷையிலும் குரல் கேட்கும். ஷட்டர் பாதி இறங்கி இருக்கும். 2016-ம் ஆண்டு மே மாதம், கடை திறக்கும் நேரம் பகல் 12 மணி, மூடும் நேரம் இரவு 10 மணி என்று மாற்றப்பட்டதில் இருந்து நடக்கும் தினசரி கூத்து இது.

இதில்தான் ஒரு வேடிக்கை. சிப்காட்டில் பல கம்பெனிகளில் 2-வது ஷிப்டு மதியம் 2 மணிக்கு தொடங்கி இரவு 10 மணிக்குத்தான் முடிகிறது. கார்டு தேய்த்து, கம்பெனி பஸ் பிடித்து ஸ்டாப்பில் இறங்கும்போது மணி பத்தரை. கடையில் பூட்டு தொங்கும். நைட் ஷிப்டு முடித்து காலை 6 மணிக்கு வெளியே வருபவருக்கும் பூட்டுதான். அப்புறம் இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள்? அதைத் தெரிந்து கொள்ள வேண்டும் என்றால் முதலில் பார் என்பது என்ன என்று தெரிய வேண்டும்.

கடை அரசாங்கத்துக்கு, பார் தனியாருக்கு

டாஸ்மாக் கடையும், அதை ஒட்டி தகர ஷீட் போட்டு நிற்கும் பாரும் ஒன்று என்றுதான் பலரும் நினைத்துக் கொண்டு இருக்கிறார்கள். இல்லை. 1983-ம் ஆண்டு மொத்த வியாபாரத்துக்காக தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி முதல் சில்லரை விற்பனையையும் தன் கையில் எடுத்துக் கொண்டது. அதற்கு முன்பு ஏலம் எடுத்த தனியார்தான் கடை நடத்தினார்கள். பெரிசுகள் இன்றைக்கும் 'ஒயின் ஷாப்பு' என்று சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம்.

கடையில் உள்ள சூப்பர்வைசரும், விற்பனையாளரும் டாஸ்மாக் ஊழியர்கள். பார் மட்டும் டெண்டர் எடுத்த தனியார் கையில். அவருக்கு கிடைக்கும் உரிமை இரண்டே இரண்டுதான். ஒன்று, தின்பண்டம் விற்கலாம். இரண்டு, காலி பாட்டில்களை எடுத்துக் கொள்ளலாம். சரக்கு விற்கும் உரிமை அவருக்கு கிடையவே கிடையாது. இதற்கு அவர் மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும்.

அப்படி என்றால் அவர் கல்லா கட்டுவது எதில்? டம்ளரில், தண்ணீரில், சுண்டலில், முட்டையில்! வெளியே பெட்டிக்கடையில் வாங்கும் விலைக்கும் பாருக்குள் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு காரணம் இதுதான். பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை இருக்கிறது. பார் தரையைப் பார்த்தால் அந்த தடை எந்த அளவுக்கு அமலில் இருக்கிறது என்பது புரிந்து விடும்.

இந்த பார்களை நடத்த அனுமதி கொடுக்க டாஸ்மாக் நிறுவனத்துக்கு அதிகாரமே இல்லை, 6 மாதத்துக்குள் மூட வேண்டும் என்று 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டு தனி நீதிபதி உத்தரவு போட்டதும் உண்டு. மேல்முறையீட்டில் அந்த உத்தரவுக்கு தடை கிடைத்ததால் பார்கள் தப்பித்தன.

ஒரு ஸ்டூல், ஒரு சுண்டல், நாலு சேதி

சரி, நாற்றம் அடிக்கும் அந்த ஷெட்டுக்குள் தினமும் ஆள் போவது ஏன்? சரக்குக்காக மட்டும் என்றால் வாங்கிக் கொண்டு போய் விடலாமே!

ஓசூருக்கு பிழைக்க வந்தவர்களில் பாதி பேருக்கு 'வீடு' என்று ஒன்று கிடையாது. தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை, திருப்பத்தூர் பக்கம் இருந்து வந்த பையன்கள் ஒரே ரூமில் 5 பேர், 6 பேர் என்று தங்குகிறார்கள். ஒருவன் தூங்கும் நேரத்தில் இன்னொருவன் ஷிப்டுக்கு கிளம்புவான். ரூமில் பாட்டில் திறந்தால் வீட்டு ஓனர் மறுநாளே காலி பண்ணச் சொல்லி விடுவார். டீக்கடையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சினிமாவுக்கு தினமும் போக முடியுமா? மிச்சம் இருப்பது பார் ஸ்டூல் ஒன்றுதான். அங்கே யாரும் 'ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கே?' என்று கேட்பது இல்லை.

அதோடு, பார் என்பது ஓசூரின் வேலைவாய்ப்பு அலுவலகம். எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே ஓ.டி. கிடைக்கும், எந்த காண்டிராக்டர் சம்பளத்தில் பி.எப். பிடித்துவிட்டு கட்டாமல் டபாய்க்கிறார் என்ற விவரம் எல்லாம் எந்த போர்டிலும் ஒட்ட மாட்டார்கள். ஆனால் பார் பெஞ்சில் அத்தனையும் கிடைக்கும். வெல்டருக்கு ஹெல்பர் கிடைப்பது, லாரி டிரைவருக்கு கிளீனர் கிடைப்பது எல்லாம் இங்கேதான். அடுத்த டேபிளில் பீகார் பையன் உட்கார்ந்து இருப்பான். அவன் மாநிலத்தில் 2016-ம் ஆண்டு ஏப்ரல் முதல் மதுவிலக்கு. ஊருக்கு போனால் கிடைக்காது என்பதால் இங்கேயே 'கணக்கு' தீர்த்து விட்டுத்தான் ரெயில் ஏறுவான்!

ஓசூர் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். வெள்ளைக்காரன் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்ன குளிர். மார்கழி ராத்திரியில் பவுண்டரி வேலை முடித்து வருபவன் பீரை ஒதுக்கி விட்டு ரம் கேட்பது அதனால்தான். ஆனால் ஒன்று, ரம் குடித்தால் உடம்பு சூடாகும் என்பது தோல் மட்டும் உணரும் பொய்ச்சூடு. தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் அப்படி தெரிகிறது. உள்ளே உடம்பு சூட்டை இழந்து கொண்டுதான் இருக்கும். குளிரில் ரோட்டோரம் விழுந்து கிடப்பவர்கள் விறைத்துப் போவது இதனால்தான்.

சைடு டிஷ் பற்றி சொல்லாமல் விட்டால் குடிமகன்கள் கோபித்துக் கொள்வார்கள். மிளகு போட்ட அவித்த முட்டை, கொண்டைக்கடலை சுண்டல், போட்டி, குடல் வறுவல், சிக்கன் பக்கோடா. மாங்காய் சீசன் வந்து விட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய பெங்களூரா மாங்காய் கீற்று, உப்பு, மிளகாய்த்தூளோடு. இதற்கென்றே ஒரு மாஸ்டர் இருப்பார். சில பார்களில் அவர் கைப்பக்குவத்துக்காகவே கூட்டம் அலைமோதும். குடிக்காத ஆட்கள்கூட வாசலில் நின்று பார்சல் வாங்கிப் போவது உண்டு.

கட்டிங் வந்த கதை

'ஒரு கட்டிங் போடலாமா?' என்று முன்பின் தெரியாத ஆள் வந்து கேட்பது தமிழ்நாட்டு பாரில் மட்டுமே நடக்கும் அதிசயம். காரணம் எளிது. டாஸ்மாக்கில் விஸ்கி, பிராந்தி, ரம் எதுவானாலும் சின்ன பாட்டில் என்றால் 180 மில்லி குவார்ட்டர்தான் என்றே காலங்காலமாக இருந்து வந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி விலை ஏறியபோது சாதா குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. கையில் 70 ரூபாய் இருப்பவன், இன்னொரு 70 ரூபாய்காரனைத் தேடுவான். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி சரிபாதி ஊற்றிக் கொள்வார்கள். அளவு பார்ப்பதில் நகைக்கடை தராசு தோற்றுப் போகும். குடித்து முடிந்ததும் பெயர்கூட கேட்காமல் பிரிந்து போவார்கள்.

2023-ம் ஆண்டு 90 மில்லி டெட்ரா பாக்கெட் கொண்டு வருவது பற்றி பரிசீலிக்கப்படுவதாக அப்போதைய மதுவிலக்கு துறை அமைச்சர் முத்துசாமி சொன்னார். 'ஸ்கூல் பையன் பாக்கெட்டில் வைத்துக் கொள்வான்' என்று எதிர்ப்பு கிளம்பியது. அதே 90 மில்லி பாக்கெட் ஓசூரில் இருந்து கூப்பிடு தூரத்தில், கர்நாடகாவில் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

ஜூஜூவாடியைத் தாண்டினால்...

ஜூஜூவாடி சோதனைச்சாவடி தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே சட்டமே வேறு. கர்நாடகாவில் மதுக்கடைகளில் பெரும்பாலானவை தனியார் கையில். பாட்டில் மட்டும் விற்கும் கடைக்கு சி.எல்.-2 லைசென்சு, உட்கார்ந்து சாப்பிடும் பார் அண்ட் ரெஸ்டாரெண்டுக்கு சி.எல்.-9 லைசென்சு. எம்.எஸ்.ஐ.எல். என்ற அரசு நிறுவனமும் தனியாக கடை நடத்துகிறது. சி.எல்.-9 பாரில் டேபிள் இருக்கும், மின்விசிறி ஓடும், சர்வர் வந்து கேட்பார், பீர் சில்லென்று இருக்கும், இரவு 10 மணிக்கு மேலும் திறந்து இருக்கும். நம்மூர் தகர ஷெட்டில் நின்று பழகியவனுக்கு அது ஸ்டார் ஓட்டல்!

இதனால் 2-வது ஷிப்டு முடித்த கூட்டத்தில் ஒரு பகுதி பைக்கை அந்தப் பக்கம் திருப்புகிறது. போகும்போது ஜாலிதான். திரும்பும்போதுதான் பிரச்சினை. நெடுஞ்சாலை எண் 44-ல் லாரிகள் பறக்கும். போலீஸ் ஊதச் சொல்லும். மோட்டார் வாகன சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ கிடைக்கலாம். 10 ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை குவார்ட்டர் என்று நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளுங்கள்.

'விலை கம்மி' என்று பத்து பாக்கெட்டை சீட்டுக்கு அடியில் செருகிக் கொண்டு வருபவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் விற்க அனுமதி இல்லாத வெளிமாநில சரக்கோடு பிடிபட்டால் மதுவிலக்கு வழக்குதான். வண்டியும் போகும். தவணை பாக்கி இருக்கும் வண்டியாக இருந்தால் தலைவலி இரட்டிப்பு. அந்த விலையும் பழைய மாதிரி இல்லை. 2023-ம் ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் கர்நாடக அரசு மதுபானங்கள் மீதான கூடுதல் ஆயத்தீர்வையை 20 சதவீதம் உயர்த்தியது.

சந்துக்கடை

எல்லைக்கு போக வண்டி இல்லாதவன் நாடுவது சந்துக்கடை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. வீட்டுத் திண்ணை, பெட்டிக்கடை, முள்புதர், சில நேரம் பாரின் பின்பக்கமே! பகலில் டாஸ்மாக்கில் வாங்கி பதுக்கியதும், எல்லை தாண்டி வந்த கர்நாடக பாக்கெட்டும் இங்கே ராத்திரி ரெண்டு மணிக்கும் கிடைக்கும், காலை 6 மணிக்கும் கிடைக்கும். விலை மட்டும் கேட்கக் கூடாது. 10 மணிக்கு கடையை மூடியதால் குடி குறைந்ததோ இல்லையோ, சந்துக்கடைக்காரருக்கு வாழ்வு வந்தது.

காசு போனால் பரவாயில்லை. உயிர் போன கதையை இந்த எல்லைப் பகுதி பார்த்து இருக்கிறது. கர்நாடகாவில் 2007-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சாராயத்துக்கு தடை போட்டார்கள். மலிவு சரக்குக்கு பழகிய கூலித் தொழிலாளிகள் கள்ளச்சாராயத்துக்கு மாறினார்கள். 2008-ம் ஆண்டு மே மாதம் பெங்களூரு, கோலார், ஆனேக்கல், கிருஷ்ணகிரி மாவட்ட எல்லை கிராமங்களில் விஷச்சாராயம் குடித்து ஏறத்தாழ 150 பேர் செத்தார்கள். இரண்டு மாநில ஆஸ்பத்திரிகளிலும் பிணங்கள் குவிந்தன. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் குடித்ததும் அதே மெத்தனால்தான்.

மெத்தனால் என்பது தொழிற்சாலையில் கரைப்பானாக பயன்படும் பொருள். வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் கொடூரம். உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறிய பிறகு, அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வேலையைக் காட்டும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்குதல். 'நேத்து அடிச்ச சரக்கு ஒத்துக்கல' என்று போர்த்திப் படுத்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். கண் புகை மூட்டமாக தெரிந்தால் மோர் கொடுத்து, எலுமிச்சம்பழம் கொடுத்து நேரத்தை வீணாக்காமல் 108-க்கு போன் போட வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும், டயாலிசிசும் காப்பாற்றும். குடித்ததை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. சீல் உடைந்த பாட்டில், கேனில் இருந்து ஊற்றித் தருவது என்றால் ஓசியில் கிடைத்தாலும் தொடக்கூடாது.

காலை 6 மணிக்கும் இறங்காத சரக்கு

பாரில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு கரைப்பது 7 முதல் 10 கிராம். மோர் குடித்தாலும், குளித்தாலும், காபி குடித்தாலும் இந்த வேகம் கூடாது. அப்படியானால் இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவன் ரத்தத்தில் காலை 6 மணிக்கும் மிச்சம் இருக்கலாம். ஒரு குவார்ட்டரோடு ஒரு பீரும் அடித்திருந்தால் கம்பெனி கேட்டில் நிற்கும்போது அவன் சட்டப்படி போதையில்தான் இருக்கிறான். தலை தெளிந்த மாதிரி இருக்கும். கை தெளிந்து இருக்காது. பவர் பிரஸ்சில் கை வைப்பவனுக்கு இது விரல் சமாச்சாரம்.

'நான் பீருதாம்ப்பா' என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் ஆல்கஹால் என்றால் அது 41 கிராம். ஒன்றரை பீர், ஒரு குவார்ட்டருக்கு சமம்.

வேலை நேரத்தில் போதையில் இருப்பது நிலையாணைகள் படி ஒழுங்கீனம். சஸ்பெண்டு, டிஸ்மிஸ் வரை போகலாம். 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்தில் இருந்து தொடரும் ஒரு விதியும் உண்டு. விபத்துக்கு நேரடி காரணம் குடிதான் என்று நிரூபணமானால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டியது இல்லை. சாவும், முழுமையான நிரந்தர ஊனமும் மட்டும் இதில் விதிவிலக்கு. ஒரு விரல் போனால்? காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்த விரலோடு வேலையும் போய் விடும்.

மதுவிலக்கு பிறந்த மண்

ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி கிராமம். 1878-ம் ஆண்டு ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். 1937-ம் ஆண்டு சென்னை மாகாண பிரதமர் ஆனதும் அவர் முதன்முதலில் மதுவிலக்கு கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில். தேதி அக்டோபர் 1. அன்றைக்கு ஓசூரும், கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ம் ஆண்டு அவர் கொண்டு வந்ததுதான் விற்பனை வரி. மதுவிலக்கு 1971-ம் ஆண்டு தளர்த்தப்பட்டது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை!

இன்றைக்கு அரசாங்கத்துக்கு இதில் வரும் வருமானம்? சில்லரை விற்பனையை எடுத்த 2003-04-ல் 3 ஆயிரத்து 639 கோடி ரூபாய். 2023-24-ல் 45 ஆயிரத்து 855 கோடி ரூபாய். 12 மடங்குக்கும் மேல். 2016, 2017, 2023 என்று மூன்று முறை தலா 500 கடைகளை மூடியும் இந்த ஏற்றம். ஒரு கடை மூடினால் குடிமகன் அடுத்த கடைக்கு நடக்கிறான், அவ்வளவுதான்.

பாரைத் தாண்டி நடப்பவர்கள்

பாரின் நல்லது கெட்டதை உள்ளே உட்கார்ந்து இருப்பவனிடம் மட்டும் கேட்டால் போதுமா? ஓசூர் சுற்று வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ், கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களும் ஷிப்டு முடிந்து ராத்திரியில்தான் திரும்ப வேண்டும். பஸ் ஸ்டாப்பில் இருந்து ரூமுக்கு போகும் வழியில் பார் இருந்தால், அந்த 100 அடியை மூச்சைப் பிடித்துக் கொண்டு தாண்டுகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி பகுதியில் பள்ளிக்கூடம், கோவிலில் இருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி கடை இருக்க வேண்டும் என்பது விதி. பஸ் ஸ்டாப்பும் பெண்கள் விடுதியும் அந்தப் பட்டியலில் இல்லை.

பா.ம.க. வக்கீல் கே.பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மெயின் ரோட்டை விட்ட கடைகள் ஊருக்குள்ளும் வயக்காட்டுக்குள்ளும் வந்தன. பெண்கள் விளக்குமாறோடு ரோட்டுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்த உத்தரவு பொருந்தாது என்று கோர்ட்டு விளக்கம் சொல்லி விட்டது.

இன்னொரு கணக்கு வீட்டில் இருக்கிறது. குவார்ட்டர் 140, டம்ளர், தண்ணீர், சைடு டிஷ் 60 என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 200. வாரத்தில் 4 நாள் என்றால் 800. வருஷத்துக்கு 41 ஆயிரத்து 600 ரூபாய். இதில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற நீண்ட நாள் புகாரை சேர்க்கவில்லை. நண்பனுக்கு வாங்கிக் கொடுத்ததையும் சேர்க்கவில்லை.

விட நினைப்பவர்கள் கவனத்துக்கு: பல வருஷம் தினமும் குடித்தவர் 'நாளையில் இருந்து தொட மாட்டேன்' என்று சபதம் போட்டு திடீரென நிறுத்துவது ஆபத்து. 2 அல்லது 3 நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, இல்லாத ஆளிடம் பேசுவது என்று வந்து உயிருக்கே உலை வைக்கலாம். பேய் பிடித்து விட்டது என்று மந்திரிக்க கூட்டிப் போகாதீர்கள். மாத்திரையோடு படிப்படியாக நிறுத்த அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவில் வசதி உள்ளது. போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு கட்டணமில்லா எண் 14446. நைட் ஷிப்டுக்காரர்கள் மறுநாள் வார விடுமுறை இருக்கும்போது, வீட்டில் ஒரு ஆளை துணைக்கு கூட்டிக் கொண்டு காலையிலேயே புறநோயாளிகள் பிரிவுக்கு போய் விடுவது நல்லது. 12 மணிக்குள் சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்து விட வேண்டும்.